குழாய் ஒழுகினால் யாரை நம்புவது?

கோவில்பட்டி வட்டாரத்தில் தண்ணீரின் அருமையை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்து கம்மாய் பெருகினால் உண்டு, இல்லையேல் இல்லை. நகரத்து ஜனங்கள் குடிக்கும் தண்ணீர், தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வந்து சேர வேண்டியிருக்கிறது. முதலில் போட்ட குழாய் போதாமல் இரண்டாவது குழாய்த் திட்டமும் போட வேண்டி வந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரும் தண்ணீர், கடைசியில் நம் வீட்டு வாசலில் ஒரு கெட்ட மூட்டு வழியாக மண்ணுக்குள் இறங்கிப் போகிறதென்றால், அதைச் சிறு விஷயமென்று தள்ளிவிட முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயில் நிமிஷத்துக்கு 100 மில்லி, அதாவது அரை டம்ளர் ஒழுகுகிறதென்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 144 லிட்டர் போய்விடும். 2019ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டம், கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்தது. ஆக, ஒரேயொரு கெட்ட மூட்டு இரண்டு பேருடைய பங்கையும் குடித்துவிட்டு, மூன்றாவது ஆளின் பங்கிலும் பாதியைக் குடித்துவிடுகிறது!

எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கத்துக் கிராமங்களிலும் இப்போது வீட்டு வாசலுக்குக் குழாய் வந்திருக்கிறது. குழாய் வந்த இடத்தில் பழுதும் வரும். பழுது வந்தால் பிளம்பரைத் தேட வேண்டும். யாரைக் கூப்பிடுவது, யார் சொல்லி அவரை நம்புவது என்பது ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் ஒரு நாள் கூலியைப் பற்றிய பிரச்னை; குடிக்கும் தண்ணீரைப் பற்றிய பிரச்னை. இதைப் பற்றி நாம் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

'நல்ல ஆளு' என்றால் எதில்?

இன்று நடப்பது என்ன? நல்லி உடைந்தால் எதிர்வீட்டில் கேட்கிறோம். டீக்கடையில் கேட்கிறோம். ஹார்டுவேர் கடையில் கேட்கிறோம். இப்போது கைப்பேசியில் ஒரே கேள்வியைத் தெரு முழுவதற்கும் அனுப்பிக் கேட்கிறவர்களும் உண்டு. உடனே ஒரு பெயர் வருகிறது. "அவரைக் கூப்பிடுங்க, நல்ல ஆளு" என்கிறார்கள். அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

எதில் நல்ல ஆள்? கூலி குறைவாக வாங்குவதிலா, கூப்பிட்டவுடன் வருவதிலா, நயமாகப் பேசுவதிலா, அல்லது வேலையிலா? சொல்கிறவர் தன் வீட்டில் வேலை செய்யச் சொல்லிப் பார்த்தாரா, அல்லது மச்சான் சொல்லக் கேட்டுச் சொல்கிறாரா? இதையெல்லாம் நாம் கேட்பதில்லை. ஒரு மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். குடிதண்ணீர்க் குழாயை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது மட்டும் வெறும் பெயர் போதுமென்று இருந்துவிடுகிறோம்.

குழாய் வேலையின் குணம் முடித்த அன்றைக்குத் தெரிவதில்லை. அன்று எல்லா மூட்டும் இறுக்கமாகத்தான் இருக்கும். கரிசல் மண்ணின் சுபாவம் நம் சம்சாரிகளுக்குத் தெரியும். மழைத் தண்ணீர் பட்டால் அது உப்பிப் பெருக்கும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மண் அசையும்போது அதற்குள் கிடக்கும் குழாயும் அசைகிறது. குழாயில் பலவீனமான இடம் மூட்டுதான். அங்கேதான் முதலில் விடும். செம்மண் ஊரில் தாங்குகிற வேலை இங்கே தாங்கிவிடும் என்று சொல்ல முடியாது.

இதை அறிந்த பிளம்பர் என்ன செய்வார்? பள்ளம் தோண்டி, அடியில் மணல் பரப்பி, குழாயைச் சுற்றிலும் மணல் போடுவார். பி.வி.சி. குழாயின் முனையில் அறுத்த பிசிறைத் தேய்த்து எடுத்து, ஈரமும் அழுக்கும் இல்லாமல் துடைத்து, பிறகுதான் பசை தடவுவார். பசை காய ஒரு நாளாவது பொறுத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, மூட்டுக்கு மூட்டு விரலால் தடவிப் பார்த்த பிறகே பள்ளத்தை மூடுவார். அறியாதவர், அல்லது அறிந்தும் அக்கறையில்லாதவர், ஒட்டிய கையோடு கரிசல் கட்டியை அப்படியே தள்ளி மூடிவிட்டுக் கூலிக்கு நிற்பார். இரண்டு பேருடைய வேலையும் மேலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும்.

ஆகவே நாம் முதலாவதாகச் சொல்வது இதுதான்: ஒரு மழையும் ஒரு கோடையும் கண்ட வேலையைக் காட்டிச் சொல்லும் சொல்லே சொல். "போன வாரம் செய்தார், நல்லாத்தான் இருக்கு" என்பது செய்தி. அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. "போன வருஷம் சித்திரையில் போட்டார், ஐப்பசி அடைமழையும் போயிற்று, இந்தக் கோடை வெடிப்பும் வந்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை" என்று ஒரு தாய் சொன்னால் அதை நம்பலாம்.

இதில் இன்னொரு ஆபத்தும் அடங்கியிருக்கிறது. நம் ஊர்களில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. முறை வைத்து விடுகிறார்கள். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. அப்போது விரிசல் விட்ட மூட்டு, பக்கத்தில் தேங்கிக் கிடக்கும் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீர் வரும்போது அந்த அழுக்கும் சேர்ந்து நம் குடத்துக்கு வருகிறது. வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் குழந்தைகளைத் தாக்க இது ஒரு வழி. கெட்ட மூட்டினால் தண்ணீர் வெளியே போவதைக் கண்ணால் காணலாம். நஞ்சு உள்ளே வருவதைக் காண முடியாது.

'நம்ம ஆளா?'

பிளம்பர் பெயர் கேட்கும்போது பல தெருக்களில் கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது. "நம்ம ஆளா?" என்பதே அந்தக் கேள்வி. இதன் பொருள் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜாதியைக் கேட்கிறார்கள். வாய்விட்டுக் கேட்காதவர்களும் ஊர் பெயரையும் தெருப் பெயரையும் விசாரித்து அதையே தெரிந்துகொள்கிறார்கள்.

குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்கு ஜாதி தெரியுமா? ஒட்டிய மூட்டு, ஒட்டியவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்று பார்த்துத் தாங்குகிறதா? "நம்ம ஆளு" என்று சொல்லித் திறமையில்லாதவரைக் கூப்பிட்டு, ஒரே மூட்டுக்கு இரண்டு முறை கூலி கொடுக்கிறவர்கள் உண்டு. அடுத்த தெருவில் திறமைசாலி இளைஞர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேலைக்கு வந்த இடத்தில் கொல்லைப்புறமாக வரச் சொல்வதும், தாகத்துக்குத் தனி டம்ளரில் தண்ணீர் கொடுப்பதும் இன்னும் முற்றாக ஒழியவில்லை. நம் வீட்டுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்து சேர்க்கிறவரின் கைக்குத் தனி டம்ளர் என்றால், இதைவிட வெட்கக்கேடு உண்டா?

ஜாதி சொல்லி வரும் பரிந்துரை வேலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதைக் கணக்கில் எடுக்காமல் தள்ளிவிட வேண்டும்.

வீட்டுக்கு நல்லவர், தெருவுக்கு?

வேறொரு வகையான நல்ல ஆளும் உண்டு. "அவர் வந்து போனபிறகு எங்க வீட்டில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது" என்று அவரைப் புகழ்வார்கள். என்ன மாயம் என்று பார்த்தால், முனிசிபாலிடிக் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டிக் கொடுத்திருப்பார். இது சட்டவிரோதம்; கண்டுபிடித்தால் அதிகாரிகள் மோட்டாரைப் பறிமுதல் செய்கிறார்கள். அந்த வீட்டுத் தொட்டி நிறையும்போது தெருக்கடைசியில் உள்ள வீட்டில் காற்றுதான் வருகிறது. மோட்டார் இழுக்கிற இழுப்பில் வழியிலுள்ள விரிசல்கள் சாக்கடையையும் சேர்த்து இழுக்கின்றன.

ஒரு வீட்டுக்கு நல்லவராகவும் தெருவுக்குத் திருடராகவும் இருக்கிற ஒருவரை நாம் சிபாரிசு செய்யலாமா? கூடாது. அதைவிட முக்கியம், அப்படிச் செய்யச் சொல்லி பிளம்பரை நிர்ப்பந்திக்கிற வீட்டுக்காரரையும் தெரு கேட்க வேண்டும். "நான் மாட்ட மாட்டேன்" என்று மறுத்து ஒரு நாள் வேலையை இழந்த பிளம்பர் இருந்தால், அவர் பெயரைத்தான் முதலில் எழுதிவைக்க வேண்டும்.

ஒடிசாவிலிருந்து ஒரு பாடம்

வாய்ச்சொல் என்பது ஒரு பெரிய சக்தி. அதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. ஒடிசா மாநிலத்தில் கேந்திரபாரா என்று ஒரு கடலோர ஜில்லா. அங்கே பட்டாமுண்டாய் வட்டாரத்து ஆட்கள் இந்தியாவின் பெரிய நகரங்களிலெல்லாம் பிளம்பர்களாக இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்கும் போயிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கல்கத்தாவுக்குப் பிழைக்கப் போன சிலர் இத்தொழிலைக் கற்றார்கள், அவர்கள் ஊரிலிருந்து தம்பியையும் பக்கத்து வீட்டுப் பையனையும் கூட்டிப் போனார்கள், இப்படியே பரவியது என்று அந்த ஊரார் கூறுவர். பிற்பாடு சர்க்காரே அங்கே பிளம்பிங் தொழிலுக்கென்று ஒரு பயிற்சி நிலையம் அமைத்தது.

அங்கே வாய்ச்சொல் ஏன் பலித்தது? மூத்தவர் ஒருவர் இளையவரைக் கூட்டிப்போய்ச் சேர்க்கும்போது, இளையவர் வேலை கெட்டால் மூத்தவர் பெயரும் கெடும். ஆகவே கற்றுக்கொடுத்து, கூட இருந்து பார்த்துத்தான் அவரைத் தனியே அனுப்பினார்கள். சொல்கிறவருக்கும் பொறுப்பு உண்டு என்ற நிலையில்தான் சொல்லுக்கு மதிப்பு. நம் தெருவிலோ, பெயரைச் சொன்னவர் பிறகு அந்த வேலையைத் திரும்பிப் பார்ப்பதேயில்லை. நம் ஐ.டி.ஐ.களில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அதை முடித்து வருகிற பிள்ளைகளையும், படிக்காமல் மூத்தவரிடம் எடுபிடியாக நின்று கற்ற பிள்ளைகளையும் யார் பார்த்து யாரிடம் சேர்ப்பது? இதற்கு இங்கே ஒரு வழியும் இல்லை.

கம்பெனி கொடுக்கும் நட்சத்திரம்

வழி இல்லாத இடத்தில் கம்பெனி நுழைகிறது. பெருநகரங்களில் இப்போது கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் பிளம்பர் வருகிறார். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மார்க் போடுகிறார். நம்பிக்கைக்கு இதுவே உத்தரவாதம் என்கிறார்கள்.

இந்த நட்சத்திரத்தின் சங்கதி என்ன? 2014ல் அர்பன்கிளாப் என்ற பெயரில் ஆரம்பித்து, 2020ல் அர்பன் கம்பெனி என்று பெயர் மாற்றிக்கொண்ட ஸ்தாபனம் இத்துறையில் பெரியது. 2021 அக்டோபரில் அந்தக் கம்பெனியின் கீழ் அழகு நிலைய வேலை செய்யும் பெண்கள், டில்லிக்குப் பக்கத்திலுள்ள குருகிராமில் கம்பெனி ஆபீஸ் முன்னால் கூடிப் போராடினார்கள். கமிஷன் பிடித்தம் ஜாஸ்தி, அபராதம் ஜாஸ்தி என்பது அவர்கள் குறை. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி போராடியபோது கம்பெனி அவர்கள் மீது கோர்ட்டுக்குப் போயிற்று. தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளாமல் 'பங்காளி' என்று பெயர் வைத்து, கூலியிலிருந்து கமிஷன் எடுத்து, தூரத்தில் யாரோ போடும் மார்க்கைக் காட்டி வேலையை நிறுத்துகிற ஏற்பாடு எப்படிப்பட்டது என்பதை அந்தப் பெண்கள் நாட்டுக்குக் காட்டினார்கள்.

அந்த நட்சத்திரமும் வேலை முடித்த அன்றைக்கே போடப்படுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது மழையும் காணவில்லை, கோடையும் காணவில்லை. சிரித்த முகத்துக்கும் சுத்தமான சட்டைக்கும் மார்க் கிடைக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் மூட்டுக்கு யார் மார்க் போட்டார்கள்? நம் தெருவே பார்த்துச் சொல்ல வேண்டிய சாட்சியத்தைக் கம்பெனி வாங்கி விற்கிறது. நடுவில் கமிஷனையும் எடுத்துக்கொள்கிறது.

நாம் நம்பத் தக்கவர்களா?

நல்ல பிளம்பர் வேண்டுமென்று கேட்கிற நாம், நல்ல வீட்டுக்காரர்களாக இருக்கிறோமா? வேலை முடிந்ததும், "நாளைக்கு வாங்கிக்கோ" என்கிறவர்கள் உண்டு. ஒரு நாள் வேலை பேசிவிட்டு, "அப்படியே இதையும் பார்த்துவிடு" என்று இரண்டு நாள் வேலை வாங்குகிறவர்கள் உண்டு. பழைய சாமானையே போட்டு ஒப்பேற்றச் சொல்லிவிட்டு, பிறகு ஒழுகினால் பிளம்பரைத் திட்டுகிறவர்களும் உண்டு. ஆலையில் நம் சம்பளத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் நாம் சும்மா இருப்போமா? கூலிக்கு இழுத்தடிக்கப்படுகிறவர் அந்தக் கூலியைச் சாமானில் எடுக்கப் பார்க்கிறார். கடைக்காரர் தரும் கமிஷனுக்காக மட்டமான சாமானை வாங்கச் சொல்கிறார். அது சரியல்ல. ஆனால் அதற்கு நாமும் வழி திறந்துவிடுகிறோம்.

எல்லாவற்றிலும் கொடுமை ஒன்று உண்டு. கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால், "யாராவது இறங்கி எடுக்க ஆள் இருக்கா?" என்று பிளம்பரையே கேட்கிறார்கள். அவர் ஓர் ஏழையைக் கூட்டிவருகிறார். அல்லது அவருடைய எடுபிடிப் பையனே இறங்குகிறான். தொட்டிக்குள் நிற்கும் விஷவாயு மூக்கின் உணர்ச்சியையே மரத்துப்போகச் செய்யும். வாடை தெரியவில்லை என்று இறங்கினவர் மயங்கி விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். இப்படி ஆட்களை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014ல் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. முப்பது லட்சம் கொடுத்தாலும் போன உயிர் வருமா? இயந்திர வண்டியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, தானும் இறங்காமல், யாரையும் இறக்காமல் திரும்பிப் போகிற பிளம்பரே நம்பத் தக்க பிளம்பர்.

செய்ய வேண்டியது

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. தெருவுக்கு ஒரு நோட்டு போதும். குழாயோடு தினமும் மல்லுக்கு நிற்கிறவர்கள் பெண்கள்; ஆகவே மகளிர் குழு அந்த நோட்டை வைத்திருப்பது நல்லது. வேலை செய்வித்த வீட்டுக்காரர் மட்டுமே அதில் எழுத வேண்டும். எந்தத் தேதியில் என்ன வேலை, என்ன சாமான், எவ்வளவு கூலி, கூலியை அன்றே கொடுத்தோமா, பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் வந்தவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை எழுத வேண்டும். ஒரு வருஷம் கழித்து அதே பக்கத்தில், வேலை தாங்கியதா என்று மறுபடி எழுத வேண்டும். ஜாதியை எழுத அதில் இடம் இருக்கக் கூடாது.

குறை எழுதுமுன் அந்த பிளம்பரைக் கூப்பிட்டு அவர் பதிலைக் கேட்க வேண்டும். சாமான் மட்டமா, மண் அசைந்ததா, மேலே லாரி ஏறியதா என்று பார்க்க வேண்டும். திரும்ப வந்து சரிசெய்து கொடுத்தால் அதையும் எழுத வேண்டும். ஒருவர் வாயில் விழுந்த வார்த்தையால் ஒரு தொழிலாளியின் பிழைப்பு போகக் கூடாது.

வேலைக்கு முன்பே கூலியைப் பேசி முடியுங்கள். சாமானை நீங்களே கூடப் போய் வாங்குங்கள். குடிதண்ணீருக்கான பி.வி.சி. குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4985 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தை மூடுமுன் தண்ணீரைத் திறந்து பாருங்கள். குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு வாங்கி வையுங்கள். வேலை முடிந்ததும் பேசிய கூலியை அன்றே கொடுங்கள். தெருக்குழாயிலேயே பழுது என்றால் அது முனிசிபாலிடியின், பஞ்சாயத்தின் பொறுப்பு. அதற்கு நம் கையிலிருந்து கூலி கொடுக்க வேண்டியதில்லை, மனுக் கொடுத்துச் செய்விக்க வேண்டும்.

பிளம்பர் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1994ல் தமிழகத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் ஆகியவை அதில் உண்டு. பிளம்பர்களும் அதில் பதியலாம். பதியாதவர்கள் உடனே பதிய வேண்டும். தனித்தனியே அலைவதைவிட ஊரளவில் ஒன்றுகூடி, "எங்களில் ஒருவர் செய்த வேலை ஒரு வருஷத்துக்குள் விட்டுவிட்டால் மற்றவர் வந்து கூலியில்லாமல் சரிசெய்வார்" என்று நீங்கள் சொல்ல முடிந்தால், எந்தக் கம்பெனியின் நட்சத்திரமும் உங்களுக்கு ஈடாகாது. ஒருவர் வேலைக்கு மற்றவர் பொறுப்பேற்கிற இடத்தில் கூலியையும் துணிந்து கேட்கலாம்.

தெருவும் தொழிலாளியும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டால்தான் நம்பிக்கை பிறக்கும். இந்த ஐப்பசி மழைக்கு முன் உங்கள் தெருவில் நோட்டுக்கு முதல் பக்கம் எழுதுங்கள். அடுத்த கோடையில் அதைத் திறந்து பார்ப்போம்.